பெர்ரி மேசன் ஆஸ்பத்திரியில் படுத்தபோது

1869ஆம் ஆண்டு சிகாகோ நகரில் மைரா பிராட்வெல் என்ற பெண்மணி வக்கீல் தேர்வு எழுதி நல்லபடியாகத் தேறினார். சட்டம் அவருக்குப் புதிய சங்கதி அல்ல. கணவர் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். மைராவே 'சிகாகோ லீகல் நியூஸ்' என்ற சட்ட வார இதழைத் தொடங்கி நடத்திவந்தார். ஊர் வக்கீல்கள் புதிய தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ள அவருடைய பத்திரிகையைத்தான் புரட்டினார்கள். இனி வக்கீலாகப் பதிவு செய்துகொள்வது ஒன்றுதான் பாக்கி. இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ள முடியாது, ஆகவே வக்கீல் தொழிலும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. மைரா விடவில்லை, எழுத்தில் வாதாடினார். இரண்டாவது பதில் இன்னும் சுருக்கம்: அவர் பெண் என்பதே போதுமான தடை. வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் கைவிட்டது. மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே பெண்ணின் தலையாய கடமை, அது படைத்தவன் வகுத்த சட்டம் என்ற பொருளில் நீதிபதி பிராட்லி தனியாக ஒரு கருத்தும் எழுதி வைத்தார். கதை அங்கேயே முடிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அதே வாஷிங்டனில் இன்னொரு பெண், படிப்பை முடித்த பிறகும் கைக்கு வராத ஒரு பட்டத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெல்வா லாக்வுட். பாடங்களை எல்லாம் முடித்த பிறகும் அவருடைய சட்டக் கல்லூரி பட்டம் தர மறுத்தது. அந்தக் கல்லூரிக்குப் பெயரளவில் தலைவர், நாட்டின் ஜனாதிபதி கிராண்ட். பெல்வா நேரே அவருக்கே கடிதம் எழுதினார். சில நாட்களில் பட்டம் வந்து சேர்ந்தது! உச்ச நீதிமன்றம் உள்ளே விட மறுத்தபோது, நாடாளுமன்றத்தில் உறுப்பினர் உறுப்பினராகப் பிடித்துப் பேசி ஒரு சட்டத்தையே நிறைவேற்ற வைத்தார். 1879 மார்ச்சில் அந்த நீதிமன்றத்தின் வக்கீலாகப் பதிவான முதல் பெண் ஆனார். மைராவுக்கு உரிமம் கிடைத்தது 1890இல். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். கதவு திறந்துவிட்டது என்னவோ உண்மைதான். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டில் அதன் வழியே போனவர்கள் மிகச் சிலரே. கோர்ட் என்றதும் ஜனங்களின் மனக்கண்ணில் பெண் முகம் எதுவும் வரவில்லை. அதை வரவழைக்கப் போகிறவர், அலபாமா மாநிலத்தில் சட்டம் படித்துக்கொண்டே ஒருநாள் அந்த மாநிலத்துக்கு கவர்னராவது என்று கனவு கண்டுகொண்டிருந்த ஓர் இளம் பெண்.

மார்கரெட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பது அவர் பெயர். 1932இல் பாரமவுண்ட் நிறுவனம் ஒரு படத்தில் 'சிறுத்தைப் பெண்' வேடத்துக்காக நாடு முழுக்க அழகிப் போட்டி வைத்தது. மார்கரெட் விளையாட்டாகக் கலந்துகொண்டார். ஹாலிவுட் வரை போனார், தோற்றார். வேடம் வேறொருத்திக்குப் போயிற்று. ஆனாலும் நிறுவனம் இவரையும் விட மனமில்லாமல் ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது. வேறு பெண்ணாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். சட்டம் படித்த இவர் ஒவ்வொரு ஷரத்தாகப் படித்தார். வாரம் 50 டாலர் என்றிருந்ததை 75 ஆக்கினார். கவர்ச்சிப் படங்களுக்கு நிற்க வேண்டும் என்ற ஷரத்தை அடித்துவிடச் சொன்னார். தன் வாழ்க்கையில் அவர் நடத்திய முதல் வழக்கு என்று இதைச் சொல்லலாம், ஜெயித்தார். கெயில் பேட்ரிக் என்ற புதுப் பெயரோடு நடிகையானார், சட்டப் புத்தகத்தை மூடி வைத்தார். மூடி வைத்த புத்தகம் அவரைச் சும்மா விடவில்லை.

படங்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கதாநாயகியோடு மல்லுக்கு நிற்கும் பணக்காரத் திமிர் பிடித்த வேடங்கள். 1939இல் ஒரு படத்தில் வக்கீலாகவே நடித்துப் பார்த்தார். பத்தாண்டு கழித்து, 1949இல், 'ஆடம்ஸ் ரிப்' படத்தில் கேதரின் ஹெப்பர்ன் வக்கீலாக வந்து, அரசு வக்கீலான கணவனையே கோர்ட்டில் எதிர்த்து வாதாடியபோது நாடே ரசித்தது. அந்தப் படம் பிறந்ததும் ஒரு நிஜச் சம்பவத்திலிருந்துதான். நடிகர் ரேமண்ட் மேசியின் விவாகரத்தில் ஒரு பக்கத்துக்குக் கணவன், மறுபக்கத்துக்கு மனைவி என்று ஒரு வக்கீல் தம்பதி ஆஜரானார்கள். வழக்கு முடிந்ததும் அந்தத் தம்பதியும் பிரிந்து, ஆளுக்கொரு கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள்! திரை வக்கீலம்மாவுக்குக் கைதட்டல் விழுந்த அதே காலத்தில் நிஜ வக்கீலம்மாவுக்கு என்ன கிடைத்தது?

1952இல் ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியில் முன்வரிசை மாணவியாகத் தேறிய சாண்ட்ரா டே, கலிபோர்னியாவின் வக்கீல் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். ஒரு பெரிய அலுவலகம் அவருக்குத் தர முன்வந்த உத்தியோகம் செக்ரட்டரி வேலை. கடைசியில் ஒரு மாவட்ட அரசு வக்கீல் அலுவலகத்தில், தொடக்கத்தில் சம்பளமே வாங்காமல், செக்ரட்டரியின் அறையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஹார்வர்டில் சுமார் 500 ஆண்களுக்கு நடுவே 9 பெண்கள் சேர்ந்தார்கள். ஓர் ஆண் உட்கார வேண்டிய இடத்தில் நீங்கள் ஏன் வந்து உட்கார்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார் கல்லூரி முதல்வர். பதில் சொல்லத் திணறியவர்களில் ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். இந்த நிலைமையில்தான் தொலைக்காட்சிக்கு ஒரு மகா வக்கீல் வந்து சேர்ந்தார்.

அவர் பெர்ரி மேசன். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்களில் தோற்றறியாத வக்கீல். பழைய சினிமாக்காரர்கள் தன் நாயகனைப் பாழ் பண்ணிவிட்டார்கள் என்ற கோபத்தில் கார்ட்னர் யாருக்கும் உரிமை தராமல் முறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய எழுத்துகளுக்கு ஏஜெண்டாக இருந்தவரைத்தான் கெயில் பேட்ரிக் மணந்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்து கம்பெனி தொடங்க, கெயில் நிர்வாகத் தயாரிப்பாளரானார். தொடர் ஓடிய ஒன்பது ஆண்டுகளில் மாலை நேர நிகழ்ச்சிகளில் அப்படி ஒரு பதவியில் இருந்த ஒரே பெண் அவர்தான். மேசனாக நடிக்க ஆள் தேடியபோது, பருத்த உடம்போடு வில்லன் வேடங்கள் போட்டுக்கொண்டிருந்த ரேமண்ட் பர் வந்தார். வந்தது, கோர்ட்டில் தோற்றுக்கொண்டே இருக்கும் அரசு வக்கீல் வேடத்துக்கு. உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்து மேசனின் வசனத்தையும் பேசிப் பார்க்கச் சொன்னார் கெயில். பர் பட்டினி கிடந்து திரும்பி வந்து பேசினார். கார்ட்னர் தேடிய ஆள் கிடைத்துவிட்டார். 1957 செப்டம்பர் 21 முதல் சனிக்கிழமை மாலைகளில் அமெரிக்கக் குடும்பங்கள் அந்தக் கோர்ட்டின் முன்னால் உட்கார்ந்தன. அதில் பெண்ணுக்கு ஒதுக்கிய நிரந்தர நாற்காலி ஒன்றே ஒன்று: செக்ரட்டரி டெல்லா ஸ்ட்ரீட். சாண்ட்ராவுக்கு நிஜத்தில் நீட்டப்பட்ட அதே உத்தியோகம். சட்டம் படித்த பெண்ணே தயாரித்த தொடரில் இப்படி என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த ஏற்பாட்டைக் குலைக்க ஒரு ஆபரேஷன் வேண்டியிருந்தது.

1962 டிசம்பரில் ரேமண்ட் பர் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்தார். வாராவாரம் ஓட வேண்டிய தொடர், நாயகன் இல்லை. நோய்ப் படுக்கையில் இருந்தபடி மேசன் தொலைபேசியில் பேசுவதாகச் சில காட்சிகளை வைத்துக்கொண்டு, வழக்கை நடத்த வெளியிலிருந்து வக்கீல்களைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய பெட் டேவிஸ், 54 வயதில், மூன்று குழந்தைகளின் தாய்க்கு வேலை தேவை என்று திரையுலகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஹாலிவுட்டையே திடுக்கிட வைத்திருந்தார். மேசனுக்குப் பதில் வந்த நால்வரில் முதல் ஆள் அவர்.

1963 ஜனவரி 31 அன்று, கணவனை இழந்த வக்கீல் கான்ஸ்டன்ட் டாயிலாக பெட் டேவிஸ் அந்தக் கோர்ட்டுக்குள் நடந்து வந்தார். கொலைப் பழி விழுந்த ஓர் இளைஞனுக்காக வாதாடினார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். டெல்லாவின் நாற்காலிப் பக்கமே போகவில்லை. மேசனின் இடத்தில் நின்றார். பர் குணமாகித் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆயிற்று. அந்த ஒரு வாரத்து வெளிச்சத்துக்குப் பிறகு சிலர் துணிந்தார்கள். 1966இல் ஜீன் ஆர்தரை வக்கீலாக வைத்து வந்த தொடர் 12 வாரங்களில் மூட்டை கட்டியது. 1973இல் 'ஆடம்ஸ் ரிப்' தொடராக வந்து அதுவும் ஒரு பருவத்தைத் தாண்டவில்லை. பெண் வக்கீல் தொலைக்காட்சியில் எடுபடாது என்று பேச்சாகிவிட்டது.

அந்தப் பேச்சு எவ்வளவு அபத்தம் என்று நிஜக் கோர்ட்டுகள் காட்டிக்கொண்டிருந்தன. கறுப்பினப் பெண்ணான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி, 1961க்கும் 1964க்கும் இடையில் உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளை வாதாடி 9இல் வென்றார். வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் காலடி வைத்தது அவர் நடத்திய வழக்கால். எந்தத் திரைக்கதையும் அதற்கு ஈடாகாது. எந்தத் தொலைக்காட்சியும் அதைத் தொடராக்க யோசிக்கவுமில்லை. பிறகு 1972இல் கல்வி நிலையங்களில் பெண்களை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டக் கல்லூரி வாசல்களில் பெண்கள் கூட்டம் சேர ஆரம்பித்தது. கெயில் பேட்ரிக் 1980 ஜூலையில் இறந்தார். அவர் தவறவிட்டது, சரியாக அடுத்த ஜூலையில் நடந்தது.

1981 ஜூலை 7 அன்று, உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக சாண்ட்ரா டே ஓ'கானரை ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். செக்ரட்டரி வேலை தருகிறோம் என்று சொல்லப்பட்ட அதே சாண்ட்ரா! சினிமாக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பெண் உச்ச நீதிமன்ற நீதிபதி என்ற கற்பனையை வைத்து எடுத்த ஒரு படம் அடுத்த ஆண்டுக்காகப் பெட்டியில் காத்திருந்தது. கற்பனை பழசாகிவிடுமே என்று அவசர அவசரமாக ஆகஸ்டிலேயே அதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' தொடரில் ஏழைகளுக்காக வாதாடும் ஜாய்ஸ் டேவன்போர்ட் வந்து நிலைத்தார். 1986இல் வந்த 'எல்.ஏ. லா'வை உருவாக்கிய இருவரில் ஒருவரான டெர்ரி லூயிஸ் ஃபிஷர், லாஸ் ஏஞ்சலஸில் நிஜமாகவே அரசு வக்கீலாக இருந்தவர். அதில் பெண் வக்கீல்களுக்கு வழக்கும் இருந்தது, வாழ்க்கையும் இருந்தது. அந்தத் தொடருக்கு எழுத வந்த பாஸ்டன் வக்கீல் டேவிட் கெல்லி, 1997இல் 'ஆலி மெக்பீல்' என்ற குட்டைப் பாவாடை வக்கீலைப் படைத்தார். மறு ஆண்டே 'டைம்' பத்திரிகை அவள் முகத்தை அட்டையில் போட்டு, பெண்ணுரிமை இயக்கம் செத்துவிட்டதா என்று கேட்டது. இத்தனை சத்தத்துக்கும் நடுவே, பெர்ரி மேசனைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண் சத்தமில்லாமல் நீதிபதியாகியிருந்தார்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர் சோனியா சோட்டோமேயர். நான்சி ட்ரூ கதைகளைப் படித்துத் துப்பறிவாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஏழு வயதில் சர்க்கரை நோய் வந்தது. இந்த உடம்புக்கு அந்த வேலை ஒத்துவராது என்றார்கள். உடைந்துபோன சிறுமிக்குப் பிடிமானமாகக் கிடைத்தது பெர்ரி மேசன். குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பது மட்டுமல்ல, நிரபராதி விடுதலையாவதும் தனக்கு வெற்றிதான் என்று தோற்ற அரசு வக்கீல் ஒரு வாரம் சொன்னது அவர் மனத்தில் பதிந்தது. அந்த அறையில் கடைசி உத்தரவு நீதிபதியிடமிருந்தே வருகிறது என்பதையும் கவனித்துக்கொண்டார். முதலில் அரசு வக்கீல்; 1992 முதல், கான்ஸ்டன்ஸ் மாட்லி நீதிபதியாக இருந்த அதே நியூயார்க் நீதிமன்றத்தில் நீதிபதி. 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் போனபோது நாடாளுமன்றக் குழு கேள்விகளால் துளைத்தது. முன்னாள் நகைச்சுவை நடிகரான செனட்டர் ஆல் ஃபிராங்கன், தொலைக்காட்சித் தொடரில் மேசன் தோற்ற ஒரே ஒரு வழக்கு எது என்று கேட்டார். சோட்டோமேயருக்கு ஞாபகம் வரவில்லை. பதவி வந்துவிட்டது.

இன்று எந்த நாட்டுத் தொடரிலும் கறுப்பு அங்கியோடு ஒரு பெண் எழுந்து 'அப்ஜக்ஷன்' சொன்னால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. இதில் பெரும் பங்கு மைராவுக்கும் பெல்வாவுக்கும் மாட்லிக்கும் உரியது. தொலைக்காட்சி எப்போதும் அவர்களுக்குப் பின்னால்தான் ஓடி வந்தது. ஆனாலும், ஒருநாள்கூட வக்கீல் தொழில் செய்யாத கெயில் பேட்ரிக்குக்குச் சேர வேண்டிய பாராட்டு இன்னும் சேரவில்லை. 2016 முதல் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பாதிக்கு மேல் பெண்கள். 2022 ஜூன் 30 அன்று கேதன்ஜி பிரவுன் ஜாக்சன் பதவியேற்றதும், மைராவை எட்டுக்கு ஒன்று என்று திருப்பி அனுப்பிய அந்த நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் நால்வர் பெண்கள்.