பதினைந்து காசு நிரோத்தும் ஒரு சேமிப்புக் கணக்கும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு நான் நிறையத் திறந்த கணக்குகள் கன்யாஸ்ரீ கணக்குகள்தான். மேற்கு வங்க அரசு 2013ல் கொண்டு வந்த திட்டம். பெண் 18 வயது வரை கல்யாணமாகாமல் படித்துக் கொண்டிருந்தால் அவள் கணக்கில் 25,000 ரூபாய் போடுவார்கள்.

போன மாதம் ஒரு அம்மா பாஸ்புக்கோடு வந்தார். "தாதா, பொண்ணுக்கு அந்தப் பணம் வருமா?" பெண்ணும் கூடவே நின்றிருந்தாள். வயது 17. நெற்றி வகிட்டில் குங்குமம், வயிற்றில் ஐந்து மாதம். "வராதும்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்காமல் பழைய கதைகளைப் புரட்டினேன். நான் பி.காம். ஆசாமி, எல்லாவற்றிலும் கணக்குதான் முதலில் கண்ணில் படும் :-)

1952லேயே அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு நம்முடையது. 1965ல் லூப் வந்தது. மலிவு, ஒரு முறை வைத்தால் போதும். ஆனால் உதிரப்போக்கு வந்தவர்களைத் திரும்பப் பார்க்க ஆளில்லை, பேர் கெட்டுவிட்டது. அடுத்தது நிரோத். ஆணுறையைச் சோப்பு மாதிரி கடையில் விற்கலாம் என்று 1964ல் யோசனை சொன்னது இதே ஊர் ஐஐஎம். முதலில் 'காமராஜ்' என்று மன்மதன் பெயரை வைக்கப் பார்த்தார்களாம். அப்போது காங்கிரஸ் தலைவர் யாரென்று நமக்குச் சொல்ல வேண்டுமா? பெயர் மாறியது. 1968ல் மூன்று உறை 15 காசு என்று புரூக் பாண்ட், லிப்டன், ஹிந்துஸ்தான் லீவர் போன்ற கம்பெனிகளின் வலையமைப்பு வழியாகப் பெட்டிக்கடை வரை போனது.

விலை பிரமாதம். ஆனால் விலை வேறு, அடக்கச் செலவு வேறு. நடைமுறையில் ஒரு வருடத்தில் ஆணுறையை நம்பும் நூறு பெண்களில் சுமார் 13 பேர் கருத்தரிக்கிறார்கள். மாத்திரையில் சுமார் 7 பேர். காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. பத்து வருடம் வேலை செய்யும் காப்பர்-டி 380ஏ-க்கு ஆரம்பச் செலவு கூடுதல், வருடத்துக்கு வகுத்தால் சொற்பம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2009 முதல் இப்படி நீண்டகாலம் வேலை செய்யும் சாதனங்களை இலவசமாகக் கொடுத்தது. சில வருடங்களில் பதின்வயதுப் பிரசவங்கள் ஏறக்குறைய பாதியாகின.

நாம் என்ன செய்தோம்? ஆபரேஷனில் பணத்தைக் கொட்டினோம். எமர்ஜென்சியில், 1976-77 ஒரே வருடத்தில், 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை. அந்த பயத்தில் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, பாரம் பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கல்யாணமான பெண்களில் 37.9% பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காப்பர்-டி வகை வெறும் 2.1%. ஆபரேஷன் இரண்டு பிள்ளை பெற்றவளுக்குச் சரி. 17 வயதுக்காரிக்கு என்ன பிரயோஜனம்?

முன்னேற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். 15-19 வயதில் தாயானவர்கள் அல்லது கர்ப்பமானவர்கள் 2005-06ல் 16%, 2019-21ல் 6.8%. ஆனால் மேற்கு வங்கத்தில் இன்னும் 16.4%! 2011ல் ஆஷா பணியாளர்கள் வீடு தேடி வந்து மூன்று உறை ஒரு ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2017ல் 'அந்தரா' ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வந்தது. ஆக, விலை எப்போதுமே பிரச்சினையாக இருந்ததில்லை. புகுந்த வீட்டில் புது மருமகள் வாய் திறந்து கேட்க முடியுமா என்பதுதான் பிரச்சினை. அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள். "கணக்கை மூடிடுவீங்களா?" மூடவில்லை. மீதி 340 ரூபாய் இருக்கிறது.