ஒரே செடி, ஒரே வேலை, ஒரே முகம்



"மோனோகல்ச்சர் என்று அடிக்கடி படிக்கிறோம், விளங்கும்படி சொல்லுங்கள் சார்" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றைப்பயிர்ச் சாகுபடி என்று தமிழில் சொல்கிறோம். பரந்த நிலம் முழுவதும் ஒரே பயிர், ஆண்டுக்கு ஆண்டு அதுவே. வரலாற்று வாத்தியாருக்கு இதைச் சொல்ல ஒரு கதைதான் நினைவுக்கு வரும்: நம்மவர்கள் உழைத்த இலங்கை மலைநாட்டுக் காப்பி.

19-ஆம் நூற்றாண்டில் கண்டியைச் சுற்றியிருந்த மலைக்காடுகளை அழித்து ஆங்கிலேயத் துரைமார் காப்பி போட்டார்கள். 1870களின் முடிவில் அது இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேற வேண்டும். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல ஆயிரம் பேர்.

இவர்களில் பலர் மானாவாரி நிலத்துக்காரர்கள். கம்புக்கு நடுவே துவரையும் தட்டைப்பயறும், ஓரத்தில் ஆமணக்கும் விதைத்தவர்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கஞ்சி ஊற்றும் என்பது அவர்கள் கணக்கு. மலையில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

1869-இல் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையால் வரும் இலைத்துரு நோய். இலைகள் உதிர்ந்தன, விளைச்சல் சரிந்தது. 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் வந்து ஆராய்ந்தார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுகின்றன, ஒரே செடி மலைக்கு மலை இடைவெளியின்றி நிற்பதால் அதற்குத் தடையே இல்லை என்று கண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பித் தோட்டங்களில் பெரும்பணம் முடக்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூழ்கியது. நோய் வந்தது செடிக்கு. அடி விழுந்தது துரைக்கும் வங்கிக்கும் வண்டிக்காரனுக்கும் கூலியாளுக்கும்.

துரைமார் என்ன செய்தார்கள்? அதே மலையில் அடுத்த ஒற்றைப்பயிராகத் தேயிலையை நட்டார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியது, 1890களின் முடிவில் 3 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக லயத்து அறைகளில் தங்கிப்போனார்கள். பாட்டிக்கும் பேத்திக்கும் அதே கூடை, அதே மலை. செடியைப் போலவே மனிதர்களையும் ஒற்றைப்பயிர் ஆக்கிவிட்டார்கள்.

நாடு விடுதலை பெற்ற 1948-இலேயே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். நாட்டையே ஒரு தோட்டமாக நினைப்பவர் கண்ணுக்கு, வேறு மொழி பேசுகிறவரெல்லாம் களையாகத்தான் தெரிவார்கள். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே வந்தவர்களில் பலருக்கு வாழ்வளிக்க 1968-இல் நீலகிரியில் அரசு தொடங்கியதும் தேயிலைத் தோட்டமே. இலங்கையில் குடியுரிமையின்றி எஞ்சியவர்களுக்கு 2003-இல்தான் சட்டம் வழிவிட்டது.

பல பயிர் கலந்து நிற்கும் நிலத்தில் ஒரு நோய் வந்தால் ஒரு பயிர் போகும், நிலம் பிழைக்கும். ஊரும் அப்படித்தான். பல தொழில், பல பேச்சு, பல வழிபாடு கலந்திருப்பது ஊருக்குக் காப்பு. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒற்றுமை என்று யாராவது சொன்னால், அந்த மலையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே படிப்பில் தள்ளும்போதும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலரின் தாத்தா பாட்டிமார் அந்த லயங்களில் பிறந்தவர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வையுங்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்