சோழவரம்: ஏரி இல்லைங்க, ரேஸ் டிராக்!

2024 ஆகஸ்ட் கடைசியில சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி நேரத்துல கார் ரேஸ் நடந்துச்சே, அதை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. "மெட்ராஸுக்கு ரேஸ் புதுசு"ன்னு அப்போ நிறையப் பேர் பேசினாங்க. புதுசே கிடையாது. இன்னைக்குக் கதை சோழவரம்.

இந்தப் பேரைக் கேட்டா நமக்கு ஏரிதான் ஞாபகம் வரும். வெயில் காலத்துல செய்தியில பூண்டி, புழல், சோழவரம்னு நீர்மட்டம் சொல்வாங்கல்ல, அதே ஊர்தான். ஆனா 1970, 80கள்ல மெட்ராஸ்ல காலேஜ் படிச்ச யாரையாவது கேட்டுப் பாருங்க. "சோழவரமா? ரேஸுப்பா!"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

அந்த இடம் ரேஸுக்காகப் போட்டது இல்ல. இரண்டாம் உலகப் போர் சமயத்துல விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை. போர் முடிஞ்சதும் விமானம் போயிடுச்சு, ஓடுபாதை அப்படியே கிடந்துச்சு. 1953ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சவங்க கண்ணுல அது பட்டுது. இங்கிலாந்துலயும் இதே கதைதான். 1950ல முதல் ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப் ரேஸ் நடந்த சில்வர்ஸ்டோன், போர்க்கால விமானத் தளம்தான்.

இங்கதான் எனக்குச் சுவாரசியமான விஷயம் வருது. விமானத்துக்கு வளைவு தேவையில்ல. நேரா, தட்டையா, நீளமா இருந்தாப் போதும். அப்படிப்பட்ட பாதையில கார் ஓட்டினா என்ன ஆகும்? நீளமான நேர்பாதையில முழு வேகம், கடைசியில அடிச்சுப் பிடிச்சு பிரேக், ஒரு திருப்பம், மறுபடியும் நேர்பாதை. வளைவுல ஓட்டுறவரோட திறமை பேசும். நேர்பாதையில இன்ஜின் பேசும். இன்ஜின் யார்கிட்ட இருந்துச்சு? காசு இருக்கிறவங்ககிட்ட.

அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. ரோட்டுல அம்பாசிடர், ஃபியட், நம்ம மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அவ்வளவுதான். வெளிநாட்டுக் கார் கொண்டுவரணும்னா லைசென்ஸ், வரின்னு ஏகப்பட்ட தடை. அதைத் தாண்ட முடிஞ்சது மகாராஜாக்களும் தொழிலதிபர் வீட்டுப் பசங்களும்தான். 1980களின் தொடக்கத்துல விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா 1 காரையே சோழவரத்துல ஓட்டினார். ஆமா, அதே மல்லையாதான்! அதே மைதானத்துல மெக்கானிக் ஷெட்ல ராத்திரி முழுக்கக் குடைஞ்சு தேத்தின வண்டிகளும் ஓடுச்சு. வேடிக்கை பார்க்க ரெண்டும் அருமை. ஆனா அது சமமான போட்டியான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். பைக் ரேஸ்ல இந்த இடைவெளி கொஞ்சம் கம்மி. ஆர்டி 350 வாங்கறதும் லேசு இல்லதான், ஆனா கனவாவது காணலாம்.

இதை மாத்தினவர் கோயம்புத்தூர்க்காரர், எஸ். கரிவர்தன். ஜவுளி மில் குடும்பம். அவரும் சோழவரத்துல வெளிநாட்டுக் கார் ஓட்டினவர்தான். ஆனா 1980களின் பிற்பகுதியில மாருதி 800 காரோட 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒத்தை சீட்டு ரேஸ் கார் ஒண்ணு வடிவமைச்சார். ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின். இனிமே "அவன் வண்டி பெருசு"ன்னு சாக்கு சொல்ல முடியாது.

அதே சமயத்துல டிராக்கும் மாறுச்சு. சோழவரம் கிளப்போட சொந்த இடம் இல்ல. சொந்த நிலம் இல்லாம நிரந்தரத் தடுப்பு, பார்வையாளர் மாடம், பிட் எதுவும் கட்ட முடியாது. அதனால கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நிலம் வாங்கி, 1990ல புது டிராக் திறந்துச்சு. 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். பக்கத்துல ஹூண்டாய் ஃபேக்டரி வந்ததெல்லாம் அதுக்கு அப்புறம். பழைய ஆட்கள் "சோழவரம் மாதிரி வராது"ன்னு இன்னைக்கும் சொல்வாங்க. அந்தக் கூட்டம், அந்தத் திருவிழா வராதுதான். ஆனா ஓட்டத் தெரிஞ்சவன் யாருன்னு காட்டினது இருங்காட்டுக்கோட்டைதான்.

கரிவர்தன் 1995ல சின்ன விமானம் ஒண்ணு விழுந்து இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க்காரங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா சிரிப்பாங்க. உங்க ஊர்ப் பேர்ல 'கரி'ன்னா யானை. வலம் வர்றதுன்னா சுத்தி வர்றது. பேரை வச்சுப் பார்த்தா உங்க ஊர்லதான் முதல் சர்க்யூட் இருந்திருக்கணும்!

ஃபார்முலா மாருதியில ஆரம்பகாலத்துல ஓட்டின பசங்கள்ல ஒருத்தர் நரேன் கார்த்திகேயன். அவரும் கோவைதான். 2005 மார்ச்ல மெல்போர்ன்ல ஜோர்டான் அணிக்காக ஸ்டார்ட் லைன்ல நின்னார். ஃபார்முலா 1ல முதல் இந்தியர். அவரோட அந்த சீசன், குறிப்பா ஆறே கார் ஓடின அந்த அமெரிக்க ரேஸ், அடுத்த எபிசோட்ல.