நீரைத் தாங்கிய தோல்

பறை அடிக்கப் போகிறவர் முதலில் தேடுவது நெருப்பை. வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, அதன் அனலில் பறையைக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஈரக்காற்றில் தொய்ந்து கிடந்த கன்றுத்தோல் சூடு ஏற ஏற விறைக்கும். மந்தமாக இருந்த ஓசை கணீரென்று எழும்பும். நனைந்தால் நெகிழும், காய்ந்தால் இறுகும். தோலின் குணம் அது. அந்தக் குணத்தை நம்பித்தான் மனிதர்கள் பறை செய்தார்கள், கிணற்றிலிருந்து நீர் இறைத்தார்கள், படகும் செய்தார்கள்.

தோலில் படகா என்று வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம் கேட்டால் பலருக்கும் வியப்பாகத்தான் இருக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று டேனரிகள் நிறைந்த வட்டாரம் இது. இங்கே தோல் என்றால் ஷூ, செருப்பு, கைப்பை. ஜவ்வாது மலையில் பிறந்து ஒடுகத்தூர் வழியாக வந்து பாலாற்றில் சேரும் ஆற்றுக்கு உத்திரகாவேரி என்று பெயர். பக்கத்துப் பள்ளிகொண்டாவில் சயனித்திருப்பவர் உத்திர ரங்கநாதர். காவிரியின் பெயரும் அரங்கனின் பெயரும் இங்கே வந்து தங்கிவிட்டன. காவிரியின் படகு மட்டும் வரவில்லை. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றைக் கடக்க மாட்டுவண்டியே போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தப் படகைப் பார்க்க நான்கு மணி நேரம் பயணம் செய்து ஒகேனக்கல் போக வேண்டும்.

பரிசலை ஒகேனக்கல் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது உருவாகும் விதத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மூங்கிலைப் பிளந்து, பட்டை பட்டையாகச் சீவி, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிப் பின்னத் தொடங்குவார்கள். அடிப்பின்னல் விழுந்ததும் நடுவில் பாரக்கல்லை ஏற்றி, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்பைக் கட்டி இறுக்குவார்கள். ஆணி கிடையாது. முன், பின் என்ற பாகுபாடும் கிடையாது. இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் ஒரு பெரிய கூடை தயாராகிவிடும். கூடையில் தண்ணீர் நிற்காது, தண்ணீரில் கூடையும் நிற்காது. அதற்கு மேல் ஒரு தோல் போர்த்த வேண்டும். முன்பு மாட்டுத்தோலையே போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளையும் பைகளையும் போர்த்தி, மேலே தார் பூசுகிறார்கள். உள்ளே இருக்கும் மூங்கில் பின்னலில் மாற்றம் ஏதுமில்லை.

ஒற்றைத் துடுப்பால் இதைச் செலுத்துவது பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். வட்டமான படகுக்கு நேராகப் போகத் தெரியாது. ஒரு பக்கம் வலித்தால் பம்பரம் போலச் சுழலும். அதனால் பரிசல்காரர் போக வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை முன்னால் எட்டி ஊன்றி, நீரைத் தன்னை நோக்கி இழுப்பார். துடுப்பு இடமும் வலமும் மாறி மாறிப் போகும். பாறை இடித்தால் மரப்படகு பிளந்துவிடும். பரிசல் அந்த இடத்தில் உள்வாங்கி, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். கரை சேர்ந்ததும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார் அதே மனிதர். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த கருப்புக் குடை ஒன்று பாறைகளுக்கிடையே ஏறி வருவதுபோல இருக்கும். படகின் முழு அருமையும் அந்தக் காட்சியில் இருக்கிறது. ஆற்றோடு இறங்குவது சுலபம். எதிர்த்து ஏறுவதுதான் பாடு. ஒருவர் தலையில் சுமக்க முடிந்த படகு அந்தப் பாட்டைத் தீர்த்துவிடுகிறது.

இதே சிக்கலுக்கு வேறொரு விடையை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆர்மீனியாவிலிருந்து பாபிலோனுக்குச் சரக்கு கொண்டுவந்த வட்டப் படகுகள் அவை. மரக்கிளைகளை வளைத்துச் சட்டம், மேலே தோல், உள்ளே சரக்கோடு ஒரு கழுதை. பாபிலோனில் சரக்கை விற்றபின் சட்டத்தையும் விற்றுவிடுவார்கள். தோலை மட்டும் உரித்து, கழுதை மேல் ஏற்றிக்கொண்டு தரைவழியாக ஊர் திரும்புவார்கள். சட்டம் எங்கேயும் கிடைக்கும், தோல் கிடைக்காது என்ற கணக்கு அது.

நம் ஆறுகளைப் பற்றிய தெளிவான குறிப்பு ஒன்று போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ் எழுதியது. கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலத்தில், 1520ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்தவர். துங்கபத்திரையை மக்கள் கூடை போன்ற வட்டப் படகில் கடந்ததையும், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக அது இருந்ததையும், பதினைந்து இருபது பேர் ஏறியதையும், படகு எப்போதும் சுழன்றுகொண்டே போனதையும் அவர் விவரிக்கிறார். தோல் இருந்த இடத்தில் தாரை வைத்தால், இன்றைய ஒகேனக்கல்லுக்கும் அந்த விவரிப்பு பொருந்தும். கன்னடத்தில் இதை ஹரிகோலு என்பார்கள், தெலுங்கில் புட்டி. 1803 மராட்டியப் போரில் தக்காணத்து ஆறுகளைக் கடக்க, ஆர்தர் வெல்லெஸ்லியும் இந்தக் கூடைப் படகுகளையே செய்யச் சொன்னார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு அவர்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920இல் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். உலகெங்கும் உள்ள கூடைப் படகுகளோடு நம் பரிசலையும் ஒரே குடும்பமாக வைத்துப் பார்த்தவர் அவர்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தோல் வேறு விதமாக நீரோடு பழகியது. ஆறு வறண்டாலும் கிணறு இருந்தது; கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை இருந்தது. மாடுகள் சரிவில் இறங்கும்போது நீர் அள்ளிய சால் மேலே வரும். அதன் அடியில் யானைத் துதிக்கை போலத் தொங்கும் தோல்வால் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டும். நாளெல்லாம் நனைந்து, உரசி, வெயிலில் காய்ந்து, மறுநாள் மறுபடி நனையும் தோல் அது. பரிசல் தோல் பட்ட பாட்டையே இதுவும் பட்டது. அதைச் செய்துகொடுத்தவர்களைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்தார்கள். அவர்கள் தைத்த தோல் இறைத்த நீரில் விளைந்த நெல்லை எல்லா வீடுகளும் உண்டன. தோலின் வரலாற்றை எழுதும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோலுக்கு லண்டன் சந்தையில் கிராக்கி ஏறியது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. சில ஆண்டுகளில் பாலாற்றுக் கரையோரமாகப் பாதை மேற்கே நீண்டது. மேட்டில் ஆவாரம் செடி, ஊருக்கு ஊர் கால்நடை, பக்கத்திலேயே ஆற்று ஊற்று, துறைமுகத்துக்கு ரயில். தோல் தொழில் இங்கே வேர்விட வேறென்ன வேண்டும்! ஊர்த் தேவைக்குப் போன தோல் கப்பலேறியது. பரிசலில் மாட்டுத்தோல் மறைந்ததற்கு மலிவான தாரும் பிளாஸ்டிக்கும் மட்டும் காரணமல்ல. தோலுக்கு வந்த விலையும் சேர்ந்துதான் அதைப் படகிலிருந்து இறக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத திருப்பம் ஒன்று உண்டு. பட்டையில் பதனிட்ட தோல் கவலையில் சீக்கிரம் மக்கிப்போகும். விவசாயிக்கு ஓயாத செலவு. இதற்கு மாற்று தேடிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், 1903ஐ ஒட்டிச் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். நீரில் எளிதில் கெடாத தோலைக் கிணற்றுச் சாலுக்குக் கொடுப்பதே அவர் முதலில் வைத்த இலக்கு. அடுத்த சில ஆண்டுகளில் அரசு அந்த முயற்சியைக் கைவிட்டாலும் முறை நிலைத்துவிட்டது. சென்னையின் குரோம்பேட்டை இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. கிணற்று நீரை மேலே கொண்டுவர வந்த அதே குரோம், நூற்றாண்டு முடிவதற்குள் உப்போடு சேர்ந்து பாலாற்றுப் படுகையின் கிணறுகளுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

தோலையும் நீரையும் சேர்த்து வைத்த கைகள் பூமியின் மறுகோடியிலும் இருந்தன. மரம் அரிதான கிரீன்லாந்தில், கடல் அடித்து வந்து ஒதுக்கிய கட்டைகளைச் சீவிச் சட்டம் கட்டினார்கள் இனுயிட் மக்கள். மேலே கடல்நாய்த் தோல். அதுதான் கயாக். அங்கே கிடைத்த சட்டத் துண்டுகள் அந்தப் படகுக்கு ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டு வயது சொல்கின்றன. கடைக்குப் போய் வாங்கும் படகல்ல அது. ஓட்டுபவரின் இடுப்புக்கும் கைநீளத்துக்கும் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோலச் செய்வது. தோலைத் தைப்பவர்கள் பெண்கள். ஊசி தோலின் பாதிக் கனம் வரை மட்டுமே போய்த் திரும்ப வேண்டும். மறுபக்கம் துளை விழுந்தால் அந்தத் துளை வழியே பனிக்கடல் உள்ளே வரும். கணவனின் உயிர் மனைவியின் தையலில் இருந்தது. அதனால் அங்கே தையல்காரிக்கு மரியாதை இருந்தது.

அங்கும் ஆணிக்குப் பதில் வார்க்கட்டுத்தான். அலை வளைத்தால் சட்டமும் கூடவே வளையும். கரையேற்றி உலர்த்தி, கொழுப்பு பூசிப் பேணாவிட்டால் தோல் ஊறி அழுகிவிடும். நம் கடற்கரையில் கயிற்றால் தைத்த மசூலா படகும் சென்னையின் அலைகளை ஆணியில்லாமலே தாங்கியது. இறுக்கிப் பூட்டினால் உடையும் இடத்தில் நெகிழவிட்டுக் கட்டுவது என்ற பாடத்தைக் காவிரிக்காரரும் கிரீன்லாந்துக்காரரும் தனித்தனியாகக் கற்றிருக்கிறார்கள். இன்று மேலைநாடுகளில் ஆர்வலர்கள் மரச்சட்டத்தின் மேல் நைலான் துணியைத் தைத்து, பிசின் பூசி, பன்னிரண்டு பதினைந்து கிலோ எடையில் கயாக் செய்துகொள்கிறார்கள். ஒரு தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகலாம்.

அப்படிப்பட்ட ஒரு படகு தமிழர் கடலிலும் மிதந்திருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த ஆஸ்கார் ஸ்பெக் என்ற ஜெர்மானிய இளைஞர் 1932இல் டான்யூப் ஆற்றில் தன் மடிப்புக் கயாக்கை இறக்கினார். மரச்சட்டம், மேலே ரப்பர் பூசிய துணி. பிரித்தால் மூட்டைக்குள் அடங்கும். யூப்ரடீஸ் ஆற்றிலும், அதாவது ஹெரோடோட்டஸ் சொன்ன தோல் படகுகளின் நாட்டிலேயே, அவர் துடுப்புப் போட்டார். பிறகு பாரசீக வளைகுடா, கராச்சி, இந்தியாவின் மேற்குக் கரை. 1935இல் இலங்கையை அடைந்து, சென்னை வழியாகக் கிழக்குக் கரையோரம் வங்கத்தை நோக்கிப் போனார். மலேரியாவும் அலையும் அவரை விட்டபாடில்லை. 1939இல் ஆஸ்திரேலிய எல்லையை எட்டியபோது உலகப்போர் மூண்டிருந்தது; எதிரி நாட்டவர் என்று கைது செய்தார்கள். ஏழு ஆண்டுகளில் ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர். அவரை இத்தனை தூரம் சுமந்தவை குச்சிகளும் துணித்தோலும்தான்.

கிரீன்லாந்தில் மோட்டார் படகு வந்தபின் கயாக் ஏறக்குறைய அழிந்தே போனது. 1980களில் இளைஞர்கள் சங்கம் கட்டி, அருங்காட்சியகங்களில் இருந்த பழைய படகுகளை அளந்து, பெரியவர்களிடம் கேட்டு, மறுபடி கட்டத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஆண்டுதோறும் கயாக் போட்டி நடக்கிறது. பரிசலுக்கு அப்படி ஒரு சங்கம் தேவைப்படவில்லை. அது சாகவே இல்லை. மேட்டூர், பவானிசாகர் நீர்த்தேக்கங்களில் மீனவர்கள் இன்றும் பரிசலில் வலை வீசுகிறார்கள். நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரஹாடாவில் மாயாற்றைக் கடக்கப் பரிசலையே மக்கள் நம்பியிருந்தார்கள். ரேஷன் அரிசியும் நோயாளியும் பள்ளிப்பிள்ளையும் அதில்தான். உயிரோடு இருப்பதாலேயே அதிகம் பேர் இதை அளந்து, வரைந்து, பின்னும் கைகளின் பெயரோடு எழுதி வைக்க மெனக்கெடவில்லை என்பது வருத்தமான உண்மை.

பாலாறும் எப்போதும் மணலாகவே கிடந்துவிடவில்லை. 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. 2021 நவம்பரில் மறுபடி கரை புரண்டு தரைப்பாலங்களை மூழ்கடித்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையே போக வழியில்லாமல் மக்கள் கரையில் நின்றார்கள். தோலை உலகத்துக்கே அனுப்பும் கரை அது. அந்த நாட்களில் நான்கு மணி நேரத் தொலைவில் ஒகேனக்கல் கரையிலும் வெள்ளத்துக்காகப் பரிசல் ஓட்டத் தடை இருந்தது. பாறைகளின் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்த பரிசல்களின் தார்முதுகில் மழை அடித்துக்கொண்டிருந்தது.