எண்ணமற்ற நிலை ஞானமா? சம்யே வாதம்

தியானம் என்பது எண்ணங்களை நிறுத்துவதா? பயிற்சிக்கு வருவோர் இன்றும் எழுப்பும் இவ்வையம், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திபெத்திய அரசன் திரிசோங் தேசெனின் ஆட்சியில் அரசின் சிக்கலாகவே வளர்ந்தது. சம்யே மடத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் வாதத்தில் ஒருபுறம் சீனத் துறவி மோஹெயன் ('மகாயானம்' என்ற சொல்லின் சீன ஒலிபெயர்ப்பே அப்பெயர்). மறுபுறம் இந்தியாவிலிருந்து அழைக்கப்பெற்ற கமலசீலர். வெண்முகிலாயினும் கருமுகிலாயினும் வானத்தை மறைக்கும். நல்லெண்ணமும் தீயெண்ணமும் அவ்வாறே என்று மோஹெயன் வாதிட்டதாகத் திபெத்திய நூல்கள் உரைக்கின்றன.

கமலசீலரின் 'பாவனாக்கிரமம்' மூன்று நூல்களாகக் கிடைக்கிறது. அவற்றுள் மூன்றாவது, 'அமனசிகாரம்', அதாவது மனத்தில் கொள்ளாமை, என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு வாதிடுகிறது. ஒன்றை நினைப்பதில்லை என உறுதிகொள்வதே அதை நினைப்பதாகும். நினைவின்மை மட்டுமே போதுமெனில் மூர்ச்சையுற்றவனும் ஞானியே. ஆகவே பொருள்களுக்குத் தன்னியல்பு இல்லை என ஆராய்ந்து கண்ட பின்னர் அடங்கும் எண்ணத்திற்கே மதிப்புண்டு. தருக்கம் கூரியது; ஐயமில்லை.

வென்றவர் கமலசீலர் என்பது திபெத்திய மரபு. துன்ஹுவாங் குகையில் கிடைத்த சீன ஏடோ அரசன் மோஹெயனின் போதனைக்கே இசைந்ததாகக் கூறுகிறது. அதனைப் பால் தெமியேவில் 1952இல் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டார். நேருக்கு நேர் வாதம் நடந்ததா என்பதையே ஐயுறும் ஆய்வாளரும் உளர்.

துன்ஹுவாங் ஏடுகள் காட்டும் மோஹெயன் எண்ணங்களை அடக்கச் சொல்லவில்லை. எழும்போதே அவற்றை அறிந்து, பின்தொடராதிருக்கச் சொல்கிறார். மூர்ச்சையுற்றவனால் அது இயலாது. கமலசீலரின் உவமை அவரைத் தொடவேயில்லை. ஆயினும் அவ்வாறு வெறுமனே நோக்குவதால் அறியாமை எங்ஙனம் அறும் என்ற கமலசீலரின் வினாவுக்கு அவ்வேடுகளில் நிறைவான விடை இல்லை.