கதவைத் திறக்கும் கை: திகில் சாகசக் கணினி விளையாட்டுகள் சொல்லும் கதை

அச்சத்தைக் காசு கொடுத்து வாங்குவார் உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே பதில். பேய்க்கதைகளுக்கும் திகில் திரைப்படங்களுக்கும் எக்காலத்திலும் வாசகரும் இரசிகரும் இருந்தே வந்துள்ளனர். அந்த வரிசையில் பிந்தி வந்து சேர்ந்தது கணினி விளையாட்டு. அதனைச் சிறுவர்களின் வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் எம்மிடையே பலர். ஆனால், அத்துறையின் பழைய திகில் சாகசப் படைப்புகளை ஊன்றிக் கவனித்தால், நூலாலும் திரைப்படத்தாலும் செய்ய முடியாத ஒன்றை அவை செய்திருப்பதைக் காணலாம்.

அது என்ன? திரைப்படத்தில் கதாநாயகி நள்ளிரவில் நிலவறைக்கு இறங்கிச் செல்கிறாள். போகாதே என்று எமது மனம் கூவுகிறது. அவளோ போகிறாள். எமது விருப்பு வெறுப்பு எதுவும் அவளைத் தடுப்பதில்லை. விளையாட்டில் நிலைமை வேறு. நாம் நகர்த்தினால் ஒழிய அந்தப் பாத்திரம் ஓர் அடியும் வைக்காது. கதவு தானாகத் திறக்காது. திறப்பது எமது கை. திகில் விளையாட்டின் வரலாறு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே கட்டப்பட்டது என்பது எனது கருத்து.

ஆரம்பத்தில் படமே இருக்கவில்லை. வில் குரோதர் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு குகை ஆய்வாளரும் ஆவார். கென்டக்கி மாநிலத்தில் தாம் ஆராய்ந்த குகைகளை அடிப்படையாகக் கொண்டு, எழுத்துகளால் மட்டுமே ஆன சாகச விளையாட்டு ஒன்றை அவர் உருவாக்கினார். 1976 இல் வெளித்தெரியவந்த அதனை அடுத்த ஆண்டு டொன் வூட்ஸ் விரிவாக்கினார். அதனால் கவரப்பட்டு, மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த சிலர் 1977 இல் 'சோர்க்' என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினர்.

சோர்க்கில் விளக்கின்றி இருட்டில் நடப்பவர் முதலில் பாதாளக் குழியில் விழுந்து இறப்பதாகவே இருந்தது. ஆனால், வீட்டின் மேல்மாடத்திலும் இருட்டு உண்டு. அங்கே பாதாளக் குழி எப்படி வரும் என்ற கேள்வி எழுந்தது. எனவே, இருட்டில் மாத்திரம் வாழ்ந்து ஆளை விழுங்கும் 'கிரூ' என்ற பிராணியை அவர்கள் புகுத்தினர். வெளிச்சத்துக்கு அஞ்சும் பிராணி ஆதலால் அதன் உருவத்தை எவரும் கண்டதில்லை. இங்கே இருட்டாக இருக்கிறது, கிரூ உங்களைத் தின்றுவிடக்கூடும் என்ற பொருளில் திரையில் ஓர் அறிவிப்பு வரும். அவ்வளவுதான். ஒரு நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்த அந்த வாக்கியத்தை ஒரு தலைமுறையே மறக்கவில்லை. காட்டாமல் விடுவதன் வலிமையை இத்துறை முதலில் கற்றுக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

1980 இல் ரொபேர்ட்டா வில்லியம்ஸ், அவருடைய கணவர் கென் வில்லியம்ஸ் ஆகியோர் 'மிஸ்டரி ஹவுஸ்' என்பதை வெளியிட்டனர். படங்களுடன் வந்த முதலாவது சாகச விளையாட்டாக இது கருதப்படுகிறது. பழைய மாளிகை ஒன்றில் ஒருவர்பின் ஒருவராகப் பிணமாகின்றனர். கொலையாளியும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறார். படங்களோ பாலர் வகுப்புப் பிள்ளை வரைந்த கோட்டுச் சித்திரங்கள் போன்றவை. 1987 இல் சோர்க் குழுவின் டேவ் லெப்ளிங் 'த லேர்க்கிங் ஹொரர்' என்னும் விளையாட்டை எழுதினார். பனிப்புயல் இரவில் கட்டுரையொன்றை எழுதி முடிக்கவேண்டிய மாணவர் ஒருவர் பல்கலைக்கழகக் கட்டடத்தில் சிக்கிக்கொள்ளும் கதை அது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்மாதிரி, லெப்ளிங் நன்கறிந்த மசாச்சுசெட்ஸ் நிறுவகமே.

எனினும், இவ்வகையின் திருப்புமுனை 1992 இல் பிரான்சில் நிகழ்ந்தது. இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெட்ரிக் ரேனால் என்னும் நிரலாளர் 'அலோன் இன் த டார்க்' என்ற விளையாட்டை உருவாக்கினார். 1920களில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டெர்செட்டோ என்னும் மாளிகையில் அதன் உரிமையாளர் ஜெரமி ஹார்ட்வூட் தற்கொலை செய்துகொள்கிறார். காரணம் தேடி அங்கே செல்பவர் அவருடைய உறவினரான எமிலியாகவோ துப்பறிவாளர் எட்வேர்ட் கார்ன்பியாகவோ இருக்கலாம். எவர் என்பதை நாம் தெரிவு செய்யவேண்டும். கதையின் பின்னணி, எச். பி. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் படைத்த திகில் உலகம்.

அன்றைய வீட்டுக் கணினிகளுக்கு முழு மாளிகையையும் முப்பரிமாணத்தில் வரைந்து காட்டும் வலு இல்லை. எனவே, மனிதரையும் பிராணிகளையும் மாத்திரம் முப்பரிமாண உருவங்களாக அமைத்து, அறைகளை முன்கூட்டியே வரைந்த நிலைப்படங்களாக வைத்தனர். இதனால் ஒவ்வொரு அறையையும் அசையாத சில கோணங்களில் இருந்து மாத்திரமே காணக்கூடியதாக இருந்தது. கூரை மூலையிலிருந்து ஒரு பார்வை. யன்னலுக்கு வெளியே இருந்து ஒரு பார்வை. யாரோ ஒளிந்திருந்து எம்மை நோக்குவது போன்ற உணர்வு அதனால் உண்டாயிற்று. எமது பாத்திரத்தின் கண்ணுக்கு எதிரே நிற்பது எமது கண்ணுக்குத் தெரியாது. காலடி ஓசை கேட்கும், ஆள் தெரியாது. இயந்திரத்தின் வறுமை கதைசொல்லியின் செல்வமாக மாறிய இடம் இது.

விளையாட்டு மாளிகையின் மேல்மாடத்தில் தொடங்குகிறது. சில கணங்களில் யன்னலை உடைத்துக்கொண்டு ஒரு பிராணி உள்ளே வரும். அலுமாரியை இழுத்து யன்னலை அடைத்துவிட்டால் வராது. தரைக்கதவின் மேல் பெட்டியைத் தள்ளி வைத்தால் கீழிருந்து வருவதும் தடைப்படும். சண்டையிடுவதைவிடச் சிந்திப்பதே மேல் என்று முதல் அறையே கற்பித்துவிடுகிறது. படிக்கட்டை மறிக்கும் பிராணிகளைக் கண்ணாடி கொண்டு வெல்லவேண்டும். வாசித்த மாத்திரத்தில் வாசித்தவரைக் கொல்லும் நூலும் அங்குண்டு.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது முன்வாசற் கதவு. கீழ்த்தளத்தை அடைந்ததும் வெளியேறிவிடலாம் என்று அதனைத் திறப்போர் பலர். கதவும் தடையின்றித் திறக்கும். வெளியே இருப்பது தோட்டம் அல்ல. வாசலை நிறைத்து நிற்கும் ஏதோ ஒன்று எம்மை விழுங்கிவிடும். தப்ப வேண்டுமாயின் வெளியே அல்ல, இன்னும் கீழே, நிலத்தடிக்குச் செல்லவேண்டும். இன்று பார்த்தால் அந்த உருவங்கள் காகிதம் மடித்துச் செய்த பொம்மைகள் போலத் தெரியும். ஆனால், அச்சம் அந்த உருவங்களில் இருக்கவில்லை. ஆதலால் அது இன்னும் பழுதுபடவில்லை.

இதே காலப்பகுதியில் ஜப்பானிலும் ஒரு மரபு வளர்ந்தது. கியோஷி குரோசவாவின் திரைப்படத்தைத் தழுவி 1989 இல் கப்கொம் நிறுவனம் 'ஸ்வீட் ஹோம்' விளையாட்டை வெளியிட்டது. அதில் இறந்த பாத்திரம் மீண்டும் எழுவதில்லை. 1995 இல் வந்த 'குளொக் டவர்' ஒரு சிறுமியின் கையில் ஆயுதமே கொடுக்கவில்லை. இராட்சதக் கத்தரிக்கோலுடன் துரத்துபவனிடமிருந்து ஓடுவதும் ஒளிவதுமே வழி. 1996 இல் சிஞ்சி மிகாமியின் 'ரெசிடென்ட் ஈவில்' இரு மரபுகளையும் இணைத்தது. தட்டச்சுப் பொறிக்கான மை நாடா கையில் இருந்தால் மாத்திரமே அதில் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். துப்பாக்கி ரவைகளும் சொற்பம். அடுத்த அறை வட்டிலிருந்து ஏறும்வரை கதவு மெதுவாகத் திறக்கும் காட்சியொன்று வரும். காத்திருப்பை மறைக்கச் செய்த ஏற்பாடே பெருந்திகிலாயிற்று. 1999 இல் வந்த 'சைலன்ட் ஹில்' தொலைவைக் காட்ட முடியாத குறையை மூடுபனியால் மூடியது. ஆபத்து நெருங்கினால் சட்டைப்பையில் உள்ள சிறு வானொலி இரையும். எந்தத் திசையில் என்று அது சொல்வதில்லை.

பின்னர் இயந்திரங்கள் வலுப்பெற்றன. 2005 இல் 'ரெசிடென்ட் ஈவில் 4' பார்வையைக் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தது. சிறந்த விளையாட்டுத்தான், ஆனால் அதில் மேலோங்கியது சண்டை. 2010 இல் சுவீடனைச் சேர்ந்த சிறு குழுவொன்று 'அம்னீசியா' மூலம் ஆயுதத்தை மீண்டும் பறித்தது. இருட்டில் நின்றால் மனம் பேதலிக்கும், விளக்கெண்ணெயோ அளவானது. அதன் வெற்றி, பழைய பாடம் காலாவதியாகவில்லை என்பதை நிறுவியது.

போர் நடந்த மண்ணில் செய்தித் தொழில் செய்த எனக்கு, உண்மையான அச்சம் அந்நியமானது அல்ல. அதனை அனுபவித்தவர்கள் விளையாட்டுக்காக அஞ்சுவது விந்தையல்லவா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் கண்ட வேறுபாடு இதுதான். உண்மையான அச்சத்தில் கதவைத் தட்டுபவர் வெளியே நிற்கிறார். திறப்பதா இல்லையா என்ற தெரிவு எமக்கு இல்லை. அதில் விதி இல்லை, நீதி இல்லை, ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானும் இல்லை. விளையாட்டிலோ கதவு எமது கையில் இருக்கிறது. அஞ்சிக்கொண்டே சிந்திக்கலாம், அஞ்சிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைக்கலாம், அந்த அடிக்கு நியாயமான பலனும் உண்டு. நிஜ வாழ்க்கை பறித்துக்கொண்ட தெரிவை இந்த விளையாட்டு திருப்பித் தருகிறது. அஞ்சியவர்கள் அதனை நாடுவது எனக்கு விந்தையாகத் தெரியவில்லை.

எனவே, பழைய ஆட்டம் ஒன்று கைக்குக் கிடைப்பின், படங்களின் வறுமையைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். இரவில், வீடு அடங்கிய பின்னர், தனியே அமர்ந்து ஆடிப்பாருங்கள். மூடிய கதவொன்றின் முன்னால் உங்கள் விரல் ஒரு கணம் தயங்குமாயின், அதை ஆக்கியவர்கள் வெற்றி பெற்றுவிட்டார்கள். அதற்குப் பின்னரும் அந்த விரல் அழுத்துமாயின், வெற்றி உங்களுடையது.