ஒரு குழந்தையின் கண்ணில் தொடங்கிய வரலாறு

பிள்ளைகளைப் போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்கிறோம். கண்மணி சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை. ஆனால் ஒரு கண் மட்டும் பூனைக் கண் போல வெள்ளையாக மின்னினால் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே இது வருகிறது.

இந்தச் சிறிய கண்ணிலிருந்துதான் புற்றுநோய் ஆய்வின் பெரிய கதையொன்று ஆரம்பமானது.

1971ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அல்பிரட் நட்சன் என்ற மருத்துவர் 48 பிள்ளைகளின் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் நோய் வந்தவர்களுக்கு அது மிக இளவயதிலேயே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குச் சற்றுப் பிந்தி வந்தது. ஏன்? நோய் வர இரண்டு பழுதுகள் தேவை, சில பிள்ளைகள் முதல் பழுதோடேயே பிறக்கிறார்கள் என்றார் அவர். பெரிய கருவிகள் எதுவுமில்லை. பதிவேடும் கணக்கும்தான்.

1986ல் அந்தப் பரம்பரையலகு 13ஆம் நிறமூர்த்தத்தில் கண்டெடுக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதத்தின் பெயர் ஆர்பி. கலம் கண்டபடி பிரியாமல் தடுக்கும் பிரேக் அது.

பிரேக் எப்படி விடுபடுகிறது? 1989ல் பல ஆய்வுக்குழுக்கள் விடை கண்டன. கலம் பிரியத் தயாராகும்போது நொதியங்கள் ஆர்பி மீது பொஸ்பேற்றுக்களை ஒட்டுகின்றன. உடனே பிரேக் விலகுகிறது. பிரிந்து முடிந்ததும் பொஸ்பேற்று கழற்றப்பட்டு பிரேக் மறுபடி விழுகிறது. இந்நோயுள்ள பிள்ளையின் கட்டியிலோ அநேகமாக அந்தப் பிரேக்கே இல்லை.

அந்த நொதியங்களைத் தடுக்கும் பல்போசிக்லிப் என்ற மருந்து 2015ல் அமெரிக்காவில் ஒருவகை முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பிள்ளைகளின் கண்ணில் கற்றது உம்மாமாரின் உயிருக்கு உதவியது. ஆனால் பிரேக்கே இல்லாத கட்டியில் பிரேக்கை விழவைக்கும் மருந்துக்கு வேலையில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு இன்றும் நேரத்தோடு கண்டுபிடிப்பதே பெரிய பாதுகாப்பு. அப்படிக் கண்டால் உயிரை மட்டுமல்ல, பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம்.

எனவே உம்மா வாப்பாமாரே, வெள்ளை மினுக்கமோ புதிதாக மாறுகண்ணோ தெரிந்தால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று இருக்க வேண்டாம். அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு கண் டொக்டரிடம் போவோம். ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தோசமாகத் திரும்பி வருவோம்.